நிரப்ப மறுக்கும் பெட்டகம்: வீட்டிலிருந்து வேலை செய்வோர் பார்வையில் பிட்வார்டன்

யாழ்ப்பாணத்தின் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் சுன்னாகத்திலும் வீட்டின் முன்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, கொழும்பிலோ இலண்டனிலோ மெல்பேணிலோ இருக்கும் நிறுவனங்களுக்குக் கணக்கெழுதியும் மென்பொருள் எழுதியும் வரைகலை செய்தும் உழைப்பவர்கள் இன்று பலர். அலுவலகமென்றால் வலையமைப்பைக் காவல் செய்யத் தனியாக ஆட்கள் இருப்பார்கள். வீட்டில் அந்தக் காவலும் வேலை செய்பவரின் தலையில் வந்து விழுகிறது. அதற்கென்று விற்கப்படும் செயலிகள் ஏராளம். அவற்றுட் பல டொலரில் சந்தா கேட்பவை. வேறு சில, ஆளுக்கொரு கணினியும் ஆளுக்கொரு அறையும் உள்ள வீடுகளை மனத்திற்கொண்டு செய்யப்பட்டவை. இலவசக் கணக்கிலேயே போதிய பயன் தருவது என்று நான் தயக்கமின்றிச் சொல்லக்கூடிய ஒன்று, பிட்வார்டன் என்ற கடவுச்சொல் பெட்டகம். ஆனால், அதன் பயன் எங்கே இருக்கிறது என்பதில் பொதுவாகச் சொல்லப்படுவதோடு எனக்கு முழு உடன்பாடில்லை. எண்ணற்ற கடவுச்சொற்களை நினைவில் வைக்கும் சுமை இனி இல்லை என்பதையே எல்லோரும் முன்னிறுத்துகிறார்கள். அந்தச் சுமையை இறக்கி வைக்க ஒரு கொப்பியே போதும். அலுமாரிக்குள் பூட்டி வைத்த கொப்பியை வெளிநாட்டிலிருந்து எந்தத் திருடனும் இணையம் வழியாகப் புரட்டிப் பார்க்க முடியாது. கொப்பியால் முடியாத ஒரு காரியத்தைப் பிட்வார்டன் செய்கிறது: போலித் தளத்தில் கடவுச்சொல்லை நிரப்ப மறுக்கிறது.

முதலில் அது இயங்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016இல் வெளிவந்த இந்தப் பெட்டகத்தை, கலிபோர்னியா மாநிலத்தின் சாந்தா பார்பராவைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனமொன்று நடத்துகிறது. அதன் மூலநிரல் திறந்த நிலையில் இருப்பதால், அறிந்தவர் எவரும் அதைப் படித்துக் குறை கண்டுபிடிக்கலாம். பயனர் நினைவில் வைக்க வேண்டியது முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை மட்டுமே. மற்றவை யாவும் அவருடைய கணினியிலேயே ஏஇஎஸ்-256 முறையில் மறைகுறியாக்கப்பட்ட (திறவுகோல் இல்லாமல் எவரும் வாசிக்க முடியாதபடி உருமாற்றப்பட்ட) பின்னர்தான் நிறுவனத்தின் சேவையகத்துக்குப் போகின்றன. முதன்மைக் கடவுச்சொல்லிலிருந்து திறவுகோலை உருவாக்கும் கணிப்பு, இயல்பான அமைப்பில் 600,000 தடவை திரும்பத் திரும்பச் செய்யப்படுகிறது. ஆகவே பெட்டகமே களவு போனாலும், கடவுச்சொல்லை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்ப்பது திருடனுக்கு மிக மெதுவான வேலையாகிவிடும். இலவசக் கணக்கில் கடவுச்சொற்களின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை, கருவிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பில்லை. மடிக்கணினியில் குரோம், பயர்பொக்ஸ் உலாவிகளோடு சேர்த்துக்கொள்ளும் துணைநிரலாக, அதாவது நீட்சியாகவும், கைபேசியில் செயலியாகவும் அதே பெட்டகம் திறக்கும்.

இனி, நிரப்ப மறுப்பது பற்றி. ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் அது எந்த இணையத்தளத்துக்கு உரியது என்ற முகவரியையும் பிட்வார்டன் சேர்த்துப் பதிந்துவைக்கிறது. அந்த முகவரியில் நீங்கள் நிற்கும்போது மட்டுமே நீட்சியின் சின்னத்தில் எண் தோன்றி, நிரப்பட்டுமா என்று கேட்கும். இலங்கையில் பேபால் என்ற இணையக் கொடுப்பனவுச் சேவை வழியாகப் பணம் பெறும் வசதி நீண்டகாலமாக இல்லாதிருந்ததால், ஒப்பந்த வேலை செய்வோர் பலர் பேயோனியர் போன்ற சேவைகளையே நம்பியிருக்கிறார்கள் என்பது மோசடிக்காரர்களுக்கும் தெரியும். “உங்கள் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டுள்ளது, உடனே உள்நுழைந்து உறுதிசெய்யுங்கள்” என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணைப்பை அழுத்தினால் திறக்கும் பக்கத்தில் இலச்சினை, நிறம், எழுத்துரு எல்லாம் அச்சொட்டாக இருக்கும். முகவரியில் மட்டும் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கும். கனடாவின் பகல் நேரத்துக்கு ஈடுகொடுத்து நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்து வேலை செய்பவரின் கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து படுவது அரிது. பிட்வார்டன் பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கிறது. முகவரி பொருந்தாவிட்டால் அது எதையும் காட்டாது. வழக்கமாக நிரப்பும் ஒன்று இன்று ஏன் பேசாமல் இருக்கிறது என்ற கேள்வி எழுந்தாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

இந்தப் பயன் கிடைக்க ஒரு பழக்கம் வேண்டும். நிரப்பாத இடத்தில், பெட்டகத்தைத் திறந்து கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டுவது கூடாது. சில வங்கிச் செயலிகளில் பாதுகாப்புக் காரணங்களுக்காகத் தானியங்கி நிரப்பல் வேலை செய்வதில்லை. அங்கே நகலெடுத்து ஒட்டித்தான் ஆகவேண்டும். அந்தக் கைப்பழக்கம் உலாவிக்கும் தொற்றிக்கொண்டால், பிட்வார்டனும் கொப்பியும் ஒன்றாகிவிடும். நகலெடுத்ததைச் சில விநாடிகளில் அழித்துவிடும் வசதி அமைப்புகளுள் இருக்கிறது. அதை இயக்கி வைப்பது நல்லது. பக்கம் திறந்த உடனேயே கேட்காமல் நிரப்பிவிடும் வசதியும் இருக்கிறது. நிறுவனமே அதை ஆரம்பத்தில் அணைத்துத்தான் தருகிறது, அப்படியே விட்டுவிடுங்கள்.

பெட்டகம் உதவாத இடத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு உறவினரிடமிருந்து பொதி வருவது வழமையான நம் ஊரில், அஞ்சல் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தி எளிதில் எடுபடுகிறது. முகவரி தவறு, பொதி நிற்கிறது, சிறு தொகை ஒன்றைச் செலுத்துங்கள் என்று அது சொல்லும். அங்கே உள்நுழைவே கிடையாது. கேட்பது வங்கி அட்டையின் இலக்கம். பிட்வார்டனில் அட்டை விவரங்களையும் சேமிக்கலாம், ஆனால் அவை எந்த ஒரு தளத்தோடும் கட்டப்பட்டவை அல்ல. போலித் தளத்திலும் அவற்றை நிரப்ப அது முன்வரும். ஆகவே அட்டை விவரங்களை அதற்குள் வைக்காமல் விடுவதே மேல் என்பது என் கருத்து. திணைக்களத்தின் உண்மையான தளம் அரசாங்கத்துக்குரிய ‘கவ் டொட் எல்கே’ என்ற முடிவைக் கொண்டது என்பதை வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் சொல்லி வைப்பது எந்தச் செயலியையும் விடக் கூடுதல் பயன் தரும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இந்தப் பெட்டகத்துக்கு வரும் மெய்யான சோதனை வேறு. பல வீடுகளில் மடிக்கணினி ஒன்றுதான். பகலில் அப்பாவின் வேலைக்கும், மாலையில் பிள்ளையின் சூம் வகுப்புக்கும், இரவில் படம் பார்ப்பதற்கும் அதுவே. பிள்ளையின் ரப்லெற், கூடத்துத் தொலைக்காட்சி, அம்மாவின் பழைய கைபேசி எல்லாவற்றிலும் ஒரே ஜிமெயில் கணக்கு உள்நுழைந்து கிடக்கும். குரோம் உலாவியிலேயே கடவுச்சொற்களைச் சேமிப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்: அந்தக் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் நிறுவனத்தின் கடவுச்சொல்லும் போய்ச் சேரக்கூடும். கூகிளின் பெட்டகமும் முகவரி பார்த்தே நிரப்புகிறது. தனியொருவர் தனியொரு கணக்கைக் கவனமாகப் பயன்படுத்தினால் அதில் பெரிய குறை சொல்வதற்கில்லை. நம் வீடுகளில் அந்தத் தனிமை கிடைப்பதில்லை என்பதே பிட்வார்டன் பக்கம் என்னைச் சாய்க்கிறது. அதற்குத் தனிப் பூட்டு உண்டு. எவ்வளவு நேரம் பயன்படுத்தாவிட்டால் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று நாமே தீர்மானிக்கலாம். நீட்சியின் இயல்பான அமைப்போ உலாவியை மூடித் திறக்கும்போதுதான் பூட்டும். உலாவியை வாரக்கணக்கில் மூடாமல் மடிக்கணினியின் மூடியை மட்டும் சாத்திவிட்டுப் போகும் நம் வழக்கத்துக்கு இது ஆகாது. நிறுவிய அன்றே இதை ஐந்து நிமிடமாக மாற்ற வேண்டும். பிள்ளைக்கு விண்டோஸில் தனிப் பயனர் கணக்கு ஒன்று உருவாக்கிக் கொடுப்பது இன்னும் சிறப்பு. அதற்குச் செலவில்லை, பதினைந்து நிமிட வேலைதான்.

கணினியே கெட்டிருந்தால் எந்தப் பெட்டகமும் காப்பாற்றாது. இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கணினி வாங்கும்போதே உரிமமில்லாத விண்டோஸும் ‘கிராக்’ செய்யப்பட்ட வரைகலை மென்பொருளும் சேர்த்து நிறுவித் தருவது வியாபார வழக்கமாக இருக்கிறது. உரிமப் பூட்டை உடைக்கவென்று இயக்கப்படும் சிறு நிரல், வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்லிக் கேட்கும். அணைத்த பிறகு அது வேறு என்ன செய்கிறது என்று பார்க்க ஆளில்லை. தகவல் திருடும் நிரல்களில் பல இவ்வழியாகவே பரவுகின்றன. அவை முதலில் தேடுவது உலாவிக்குள் சேமித்த கடவுச்சொற்களையும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் தளங்களின் குக்கிகளையும், அதாவது நாம் உள்நுழைந்திருப்பதைத் தளத்துக்கு நினைவூட்டும் சிறு பதிவுகளையும். விண்டோஸில் குரோம் சேமித்த கடவுச்சொற்களை, அதே பயனரின் பெயரில் ஓடும் வேறொரு நிரலும் எடுத்துவிடக்கூடிய நிலையே நெடுங்காலம் இருந்தது. 2024இல்தான் கூகிள் மேலதிகக் கட்டொன்றைச் சேர்க்கத் தொடங்கியது, அதுவும் முதலில் குக்கிகளுக்கு. பூட்டியிருக்கும் பிட்வார்டன் பெட்டகத்தைப் படிப்பது இதைவிடக் கடினம். ஆயினும், விசைப்பலகையில் தட்டுவதையெல்லாம் கவனிக்கும் நிரல் ஒன்று உள்ளே இருக்குமானால் முதன்மைக் கடவுச்சொல்லும் அதற்குத் தெரிந்துவிடும், குக்கி திருடப்பட்டால் கடவுச்சொல்லே தேவைப்படாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறேன். உடைத்த மென்பொருளை நீக்காமல் பிட்வார்டனை நிறுவுவது வீண் வேலை. ஃபொட்டோஷொப்புக்கு ஈடாக இலவச ஜிம்ப் இருக்கிறது, மைக்ரோசொப்ட் ஒஃபிஸுக்கு ஈடாக லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. தொழிலுக்கு அவை போதாதென்றால் உரிமத்துக்குரிய பணத்தை வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை.

முதன்மைக் கடவுச்சொல் குறைந்தது 12 எழுத்துக்களாவது இருக்க வேண்டும் என்று பிட்வார்டன் கேட்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள்வதே நல்ல வழி. சொற்களைத் தெரிவு செய்து தரும் கருவி அதற்குள்ளேயே உண்டு, ஆனால் அது ஆங்கிலச் சொற்களை மட்டுமே தருகிறது. பழக்கமில்லாத சொல்லை எழுத்துப் பிழையில்லாமல் நினைவில் வைப்பது எல்லோருக்கும் இயலாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்வதே நமக்கு ஏற்றது. அதிலும் திருக்குறள் அடியோ, தேவார வரியோ, கோவிலின் பெயரோ, படித்த பள்ளிக்கூடத்தின் பெயரோ வேண்டாம். பலரும் அறிந்த வரியை ஊகிப்பது எளிது. சமையலறையிலிருந்து ஒரு சொல், கடற்கரையிலிருந்து ஒரு சொல், கணக்குப் பாடத்திலிருந்து ஒரு சொல் என்று அங்குமிங்குமாக எடுத்துக் கோக்கலாம். ஒருமுறை வைத்த வலுவான கடவுச்சொல்லைக் காரணமின்றி மாதந்தோறும் மாற்ற வேண்டியதில்லை. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டியே 2017இலிருந்து அந்தப் பழைய விதியைக் கைவிட்டுவிட்டது.

முதன்மைக் கடவுச்சொல் மறந்துபோனால் நிறுவனத்தாலும் அதை மீட்டுத்தர முடியாது. அது அவர்களிடம் இல்லை என்பதுதானே பாதுகாப்பின் அடிப்படை. எனவே அதைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, காணி உறுதி இருக்கும் இடத்தில் வைத்துவிடுங்கள். 1995இல் போரினால் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோதும் உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்துச் சென்ற குடும்பங்கள் பல இங்கே உண்டு. முக்கியமான காகிதத்தை எங்கே வைப்பது என்று அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. கணக்கு வைத்திருப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால், அவர் குறிப்பிட்ட காத்திருப்புக் காலத்துக்குப் பிறகு, நம்பிக்கையானவர் பெட்டகத்தைத் திறக்க வழிசெய்யும் அவசர அணுக்க வசதியும் பிட்வார்டனில் இருக்கிறது. அது கட்டணக் கணக்குக்கு உரியது. பன்னாட்டுக் கொடுப்பனவுக்கு ஏற்ற அட்டை இல்லாத வீடுகளில் அந்த உறையே அவசர அணுக்கம்.

கடவுச்சொல்லுக்கு மேலாக இன்னொரு சான்றைக் கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் பொறுத்தவரை, பிட்வார்டன் இலவசக் கணக்குக்கே சரிபார்ப்புச் செயலி, மின்னஞ்சல், பாதுகாப்புச் சாவி ஆகியவற்றை அனுமதிக்கிறது. இது தாராளமான ஏற்பாடு. குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தை நம்பியிருப்பது நம்மிடையே கூடுதல் ஆபத்தானது, ஏனெனில் சிம் அட்டை அப்பாவின் பெயரில் இருக்கும், பாவிக்காமல் விட்ட பழைய இலக்கம் வேறொருவர் கைக்குப் போயிருக்கும், அல்லது மீட்பு இலக்கமாகக் கொடுத்தது சுவிஸிலிருக்கும் அண்ணனுடையதாக இருக்கும். சரிபார்ப்புச் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை இலக்கத்தைக் கைபேசிக்குள்ளேயே கணித்துக்கொள்கிறது. அதற்கு அலைவரிசையும் வேண்டாம், இணையமும் வேண்டாம். பெட்டகத்துக்குரிய இலக்கத்தைப் பெட்டகத்துக்குள்ளேயே வைக்கக் கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனாலும் சரிபார்ப்பு இலக்கத்தைப் போலித் தளம் அக்கணமே வாங்கி உண்மைத் தளத்தில் செலுத்திவிட முடியும். அந்த ஓட்டையையும் அடைப்பது, கடவுச்சொல்லுக்குப் பதிலாக, தளத்தின் முகவரியோடு கட்டப்பட்ட மின்னணுத் திறவுகோலால் உள்நுழையும் ‘பாஸ்கீ’ முறை. 2023 நவம்பரிலிருந்து பிட்வார்டனின் உலாவி நீட்சி பாஸ்கீகளையும் சேமிக்கிறது. கூகிள், மைக்ரோசொப்ட் கணக்குகளுக்கு அதை அமைத்துக்கொள்வது பெரிய ஆறுதல்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். றூட்டருக்கென்று சிறிய யூபிஎஸ் வாங்கும் பழக்கம் பல வீடுகளுக்கு அப்போது வந்ததுதான். இணையம் இல்லாதபோதும், ஏற்கெனவே உள்நுழைந்த கருவியில் பிட்வார்டன் பெட்டகத்தைத் திறந்து பார்க்கலாம். புதிதாகச் சேர்க்கவோ மாற்றவோதான் முடியாது. இது போதும்.

முகில் சேமிப்பை, அதாவது இணையத்தில் வேறொருவரின் சேவையகத்தில் வைப்பதை, நம்பலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பெட்டக நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகள் களவு போயின. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தன, ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் மறைக்கப்படாமல் இருந்தன. பலவீனமான முதன்மைக் கடவுச்சொல் வைத்தவர்கள் பெரும் இடருக்கு ஆளாயினர். பிட்வார்டன் முகவரிகளையும் மறைகுறியாக்கியே வைக்கிறது. அதுவும் குறையற்றதன்று. 2025 ஓகஸ்டில், கண்ணுக்குத் தெரியாத பொத்தானை அழுத்த வைத்து உலாவி நீட்சிகளிடமிருந்து விவரங்களைக் கறக்கும் உத்தியொன்று வெளிப்படுத்தப்பட்டபோது, பாதிக்கப்பட்ட பல பெட்டகங்களுள் இதுவும் ஒன்று. அதற்கான திருத்தத்தைப் பிட்வார்டன் விரைவில் வெளியிட்டது. உலாவியையும் நீட்சியையும் அவ்வப்போது புதுப்பிக்காதவருக்கு அந்தத் திருத்தத்தால் பயனில்லை. முகிலே வேண்டாம் என்பவருக்குக் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. அது பெட்டகத்தை ஒரு கோப்பாக நம் கணினியிலேயே வைக்கும். நல்ல கருவிதான். ஆனால் மடிக்கணினி பழுதாகி, கோப்பின் பிரதியும் இல்லாமல் போனால் எல்லாமே போய்விடும்; பிரதி எடுப்பதில் நம்மவர்களின் ஒழுங்கை நினைத்து, அதைப் பொதுவாகப் பரிந்துரைக்க மனம் வரவில்லை.

நிறுவனத்தின் கடவுச்சொற்களை நம் சொந்தப் பெட்டகத்தில் வைப்பதற்கு முன் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், முகவரி, சம்பள விவரம் ஆகியவற்றைக் கையாளும் கணக்கெழுத்து வேலையில் இது மரியாதைக்காகக் கேட்பது மட்டுமல்ல. இங்கே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், பிரித்தானிய நிறுவனமாயின் அந்நாட்டுச் சட்டமும் தொடர்புபடுகின்றன. கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து தொழில் நடத்துவோர், இருவர் பகிர்ந்துகொள்ளக்கூடிய இலவச நிறுவனக் கணக்கைப் பிட்வார்டனிலேயே தொடங்கலாம். வட்ஸ்அப்பில் கடவுச்சொல் அனுப்பும் வழக்கம் அதோடு நின்றுவிடும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரிலிலும் 2022 ஏப்ரிலிலும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது அவசரமாக இறக்கிய, நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாக அனுப்பும் இலவச விபிஎன் செயலிகள் இன்னும் கைபேசியில் கிடந்தால், பெட்டகத்தை நிறுவும் முன் அவற்றை அகற்றுங்கள். யார் நடத்துவது என்றே தெரியாத செயலி வழியாக நிறுவனத்தின் வேலைப் போக்குவரத்தை விடுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பெட்டகத்துக்குக் குடிபுகும் வேலையை ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். முதலில் மின்னஞ்சல் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிப் பெட்டகத்தில் இடுங்கள், ஏனெனில் மற்றக் கணக்குகளின் மீட்பு வழியெல்லாம் அங்கேதான் போய் முடிகிறது. அடுத்து பணம் வரும் கணக்குகள், பிறகு நிறுவனம் அனுமதித்தவை. எஞ்சியவற்றை அந்தந்தத் தளத்துக்குப் போகும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். குரோமிலிருந்து எல்லாவற்றையும் மொத்தமாக ஏற்றுமதி செய்தால், கடவுச்சொற்கள் அனைத்தும் எவரும் படிக்கக்கூடிய சாதாரணக் கோப்பாக ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறைக்குள் வந்து விழும். இறக்குமதி முடிந்ததும் அதை அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்து, அந்தக் கோப்புறை கூகிள் டிரைவுடனோ மைக்ரோசொப்டின் வன்டிரைவுடனோ இணைக்கப்பட்டிருந்தால் அங்கும் அழிக்க வேண்டும். அதன் பின்னர் குரோமில் சேமித்திருந்தவற்றை நீக்கி, கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்பதையும் அணைத்துவிடுங்கள். இரண்டு பெட்டகங்கள் போட்டி போட்டு நிரப்ப முன்வந்தால், எது பேசாமல் இருக்கிறது என்பதைக் கவனிக்க முடியாமல் போகும்.